நறுமண எண்ணெயைப் பயிர்ப் பூச்சிக்கு அடிப்பது எப்படி: கலப்பதிலிருந்து தெளிப்பானைக் கழுவுவது வரை

செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டது, ரசாயன மருந்து வேண்டாம் என்று ஒரு லெமன்கிராஸ் எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ வாங்கி, தெளிப்பானில் தண்ணீர் ஊற்றி, பத்துச் சொட்டு விட்டு, நன்றாகக் குலுக்கி அடித்துவிட்டு, மறுநாள் போய்ப் பார்த்தால் அசுவினி குடும்பத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். பூச்சி செத்ததோ இல்லையோ, செடி கருகிவிட்டது என்று புலம்புபவர்கள் இன்னொரு பக்கம். எப்படிக் கலந்தீர்கள் என்று இரண்டு தரப்பிடமும் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினேன்.

கோளாறு அங்கேதான். எந்த எண்ணெய் நல்லது என்பது அடுத்த கேள்வி. அது தண்ணீரில் சீராகப் பரவி, பூச்சியின் உடம்பில் பட்டதா என்பதுதான் முதல் கேள்வி. திறந்த வெளியில் நிற்கும் செடிக்கு, வெறும் வாசனை மட்டும் வேலை செய்யும் என்று நம்பி இறங்காதீர்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பித்தான் இருக்கிறது.

1. கையில் இருப்பது நறுமண எண்ணெய்தானா?

இலை, பூ, பட்டை போன்றவற்றை நீராவியில் வடித்து எடுப்பதுதான் நறுமண எண்ணெய். கடையில் எசென்ஷியல் ஆயில் என்பார்கள். ஆரஞ்சு மாதிரிப் பழங்களுக்குத் தோலைப் பிழிந்தே எடுத்துவிடுவார்கள். மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் போய்விடும்.

வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் இந்த ரகம் இல்லை. அவை விதையை ஆட்டி எடுக்கும் கொழுப்பு எண்ணெய்கள், ஆவியாகாது. வேம்பில் முக்கியமாக வேலை செய்வது அசாடிராக்டின். அது புழுவைத் தின்னவிடாமல், தோலுரிக்கவிடாமல் நாள் கணக்கில் மெல்ல வீழ்த்தும். நறுமண எண்ணெய் நேராக நரம்பில் கை வைக்கும். பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் ஆக்டோபமைன் என்று ஒரு பொருள் செய்தி கடத்துகிறது, கிராம்பில் உள்ள யூஜெனால் போன்றவை அந்த இடத்தில் குழப்பம் பண்ணும். அதனால்தான் மேலே பட்ட சில நிமிடங்களிலேயே பூச்சி காலை உதறுவதைப் பார்க்கலாம். ஆனால் ஒன்றிரண்டு நாளில் எண்ணெய் பறந்துவிடும். ஆக, வேப்பெண்ணெய் அடித்துப் பழகியவர்கள் அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான்.

இலையை வேகவைத்த கஷாயமும் இது ஆகாது. கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, நமக்கு வேண்டிய சரக்கே அதுதான். அது ஜன்னல் வழியாகப் போன பிறகு மிஞ்சுவதைத்தான் செடிக்கு அடிக்கிறோம்.

வாங்கும்போது லேபிளில் தாவரவியல் பெயரும், செடியின் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்பதும் இருக்க வேண்டும். லெமன்கிராஸ், சிட்ரோனெல்லா, பால்மரோசா மூன்றுமே சிம்போபோகன் என்ற ஒரே புல் பேரினத்தைச் சேர்ந்தவை, உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. ஃபிராகிரன்ஸ் ஆயில் என்று போட்டிருந்தால் அது வாசனைக்காகச் செய்த கலவை, தொடவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். சுத்தமான எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகிவிடும், லேசான நிறம் நின்றால் பரவாயில்லை. பஜ்ஜி வைத்த தாள் மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு வட்டம் அப்படியே நின்றால், யாரோ சமையல் எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலந்திருக்கிறார்கள்.

எதை வாங்குவது? கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால், லெமன்கிராஸில் சிட்ரால், யூகலிப்டஸிலும் ரோஸ்மேரியிலும் சினியோல், ஆரஞ்சுத் தோலில் லிமோனின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியச் சரக்கு உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ரோஸ்மேரி அல்லது லெமன்கிராஸ் என்றுதான் சொல்வேன். கிராம்பும் இலவங்கப்பட்டையும் வேகமானவைதான், ஆனால் அளவு கூடினால் களையைக் கருக்கவே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள், உங்கள் செடிக்கும் களைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

2. உங்கள் பூச்சி இதற்கு மசியுமா?

அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், சிலந்திப்பேன், இளம் மாவுப்பூச்சி, அப்போதுதான் பொரித்த சின்னப் புழு ஆகியவற்றுக்கு இது ஆகும். உடம்பு மென்மை, இலைமேல் வெளியே இருப்பவை, நம் துளி போய்ச் சேரும்.

தண்டுக்குள் துளைத்துப் போனது, காய்க்குள் புகுந்தது, இலைக்குள் சுரங்கம் போடுவது, மண்ணில் இருப்பது எல்லாம் இதற்கு வெளியே. வளர்ந்த பெரிய புழுவைக் கையால் பொறுக்குவது சுலபம். மெழுகு போர்த்திய முதிர்ந்த மாவுப்பூச்சியும் இதற்கு லேசில் மசியாது, முதலில் தண்ணீரை வேகமாகப் பீச்சி மெழுகைக் கழுவாமல் எண்ணெய் அடித்தால் அதன் போர்வைதான் நனையும்.

அடிப்பதற்கு முன் லென்ஸ் வைத்து ஒரு முறை பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் பழுப்பாக, உப்பிப்போய், காகிதத் தோல் மாதிரி அசையாமல் சிலது இருந்தால், ஒட்டுண்ணிக் குளவி அவற்றுக்குள் முட்டை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டவை நிறைய இருந்தால் பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். நறுமண எண்ணெய் பொறிவண்டுப் புழு, குளவி என்று ஆள் பார்க்காது, மேலே பட்டால் அவையும் சாகும்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

எண்ணெய், பால்மமாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சு, கண்ணாடி அல்லது எவர்சில்வர் கப், கலக்கக் குச்சி, தெளிப்பான், 10 மடங்கு லென்ஸ், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அவ்வளவுதான்.

கப் விஷயத்தில் நான் பட்ட பாடு: ஆரஞ்சு எண்ணெயை ஒரு யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிவிட்டு சோப்பை எடுக்கத் திரும்பினேன். வந்து தூக்கினால் அடிப்பாகம் கொழகொழவென்று மேசையிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தக் கப்புகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், லிமோனின் அதைக் கரைத்துவிடும். தெர்மாகோலும் அதே இனம்தான்.

பால்மமாக்கி என்பது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் தரகர். பாலிசார்பேட் 80 அல்லது 20 கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் பொட்டாசியம் திரவ சோப்பு. பாத்திரம் தேய்க்கும் திரவம் வேண்டாம், பிசுக்கை எடுக்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள், இலைமேல் இருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும், அப்புறம் எண்ணெய் நேராக உள்ளே இறங்கும்.

சோப்பு என்றால் தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலில் உங்கள் தண்ணீரை எடுத்து கொஞ்சம் சோப்பு விட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தால் உப்புத் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்ளும், எண்ணெயைப் பிடிக்க ஆள் இருக்காது. மழைத் தண்ணீர் எடுங்கள், அல்லது பாலிசார்பேட்டுக்கு மாறுங்கள்.

செடியிலிருந்து வந்ததுதானே என்று பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள். கலக்காத கிராம்பு, ஓமம், இலவங்கப்பட்டை எண்ணெய்கள் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். பாட்டில் குழந்தை கைக்கு எட்டக்கூடாது, யூகலிப்டஸ் எண்ணெயைச் சிறிதளவு விழுங்கினாலே குழந்தைகளுக்கு ஆபத்து. பூனைகளின் உடம்பால் இந்தப் பொருள்களைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது, அடித்த செடி காயும்வரை அவற்றை அண்டவிடாதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கத்தில் கலக்க வேண்டாம்.

4. அளவு

சொட்டுக் கணக்கை மறந்துவிடுங்கள். சொட்டின் அளவு எண்ணெய்க்கு எண்ணெய், மூடிக்கு மூடி மாறும். பத்துச் சொட்டு என்பது அரை மில்லிகூட இருக்கலாம், ஒரு லிட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. சிரிஞ்சில் மில்லியாக எடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 5 மில்லி பாலிசார்பேட். இதுதான் அரை சதவீதம். பிஞ்சுச் செடி, கிராம்பு, இலவங்கப்பட்டை என்றால் 3 மில்லியில் ஆரம்பியுங்கள். 10 மில்லிக்கு மேல் போகவே போகாதீர்கள், அதற்கு மேல் பூச்சியைவிட இலைதான் அதிகம் சாகும். கலந்தே விற்கும் தயாரிப்பை வாங்கியிருந்தால் லேபிளில் இருக்கும் அளவுதான், நான் சொல்வது கிடையாது.

மொத்தம் எவ்வளவு கலப்பது என்பதையும் முன்பே கண்டுபிடியுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றிப் பத்துச் செடிக்கு அடித்து, எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். கலந்ததை வைத்திருக்க முடியாது, அதனால் மிச்சம் வராமல் கலப்பதுதான் லாபம். போதாமல் போனால் கடைசிச் செடிகளுக்கு அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றி நீட்டுவீர்கள், அதுவும் வீண்.

5. கலக்கும் வரிசை

இங்கேதான் நிதானம் வேண்டும். காய்ந்த கப்பில் முதலில் எண்ணெய். அதன்மேல் பாலிசார்பேட். தண்ணீர் இன்னும் கிட்டவே வரக்கூடாது. இரண்டும் சேர்ந்து ஒரே திரவமாகத் தெரியும்வரை ஒரு நிமிடம் கலக்குங்கள்.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்குங்கள். சிலசமயம் திடீரென்று கெட்டியாகிக் கூழ் மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம், கலக்கிக்கொண்டே அடுத்த ஸ்பூன் விடுங்கள், இளகிவிடும். இப்படி 100 மில்லிவரை கொண்டுவந்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். இதைத் தெளிப்பானில் பாதியளவு தண்ணீர் இருக்கும்போது ஊற்றி, மீதித் தண்ணீரையும் சேர்த்துக் குலுக்குங்கள். சோப்பு என்றாலும் முதலில் எண்ணெயோடு சோப்பு, பிறகு தண்ணீர் என்ற இதே வரிசைதான்.

ஏன் இந்தப் பிடிவாதம்? எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் பெரிய பெரிய துளியாகப் பிரிந்து நிற்கும். பின்னால் சோப்பு ஊற்றினாலும் அது தண்ணீரில் கரைந்து பரவிவிடுமே தவிர, அந்தத் துளிகளைச் சுற்றிப் போய் உடைப்பது கஷ்டம்.

நான் முதல் தடவை லெமன்கிராஸ் எண்ணெயை இப்படித் தண்ணீரில் விட்டுக் குலுக்கித்தான் ஒரு வரிசை முழுக்க அடித்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முதல் செடிகளில் பூச்சி ஜாலியாக இருக்கிறது, கடைசி நாலு செடி மட்டும் வெந்துபோயிருக்கிறது. தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சும், எண்ணெய் மேலே மிதக்கும். முக்கால்வாசி நேரம் வெறும் தண்ணீரை அடித்திருக்கிறேன், மிதந்த எண்ணெய் மொத்தமும் கடைசியில் நாலு செடிமேல் இறங்கியிருக்கிறது. கிராம்பு எண்ணெயில் இதே தப்பைச் செய்தால் கதை தலைகீழ். அது தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும், முதல் செடிகள்தான் கருகும். யாராவது செடி கருகிய படத்தைக் காட்டினால், வரிசையின் எந்த முனை என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கலந்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்துப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். மேலே லேசாகப் பாலாடை மாதிரி கூடி, ஒரு குலுக்கில் மறைந்தால் சரி. மேலேயோ அடியிலேயோ எண்ணெய் வளையமாக மின்னினால் அடிக்காதீர்கள், இன்னும் 2 அல்லது 3 மில்லி பாலிசார்பேட்டைத் தனியாக எடுத்து, பிரிந்த கலவையில் கொஞ்சத்தை அதோடு கடைந்து, மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள்.

6. ஒரு கிளையில் சோதனை

மூன்று கிளை தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு முழுக் கலவை, ஒன்றுக்கு எண்ணெய் இல்லாமல் பாலிசார்பேட்டும் தண்ணீரும் (அல்லது சோப்பும் தண்ணீரும்) மட்டும், ஒன்றுக்கு எதுவும் இல்லை. நூல் கட்டி அடையாளம் வைத்து 48 மணி நேரம் பொறுங்கள். பூச்சி ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டு நாள் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும்.

எண்ணெய் ஊறியது போல் கண்ணாடித்தனமான கரும்பச்சைத் திட்டு முதலில் வரும், பிறகு விளிம்பு பழுப்பாகும். வந்தால் அளவைப் பாதியாக்குங்கள். வெள்ளரி வகைக் கொடிகள், கொழுந்து இலை, மயிர் அடர்ந்த இலை எல்லாம் சீக்கிரம் பாதிக்கப்படும். முட்டைக்கோஸ் மாதிரி இலைமேல் சாம்பல் பூச்சு உள்ளவற்றில் அந்தப் பூச்சே போய்விடும்.

இரண்டாவது கிளை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சோப்பே மென்மையான பூச்சியைக் கொல்லும். அந்தக் கிளையிலும் அதே அளவு செத்திருந்தால், விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் சும்மா மணம் மட்டும்தான் தந்திருக்கிறது, சோப்புக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. நாளும் நேரமும்

வெயில் தாழ்ந்த பிறகு, இருட்டுவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் எண்ணெய் பூச்சியைத் தொடும் முன்பே பாதி பறந்துவிடும், மீதி இலையைச் சுடும். 30 டிகிரிக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். ராத்திரி முழுக்க இலை ஈரமாகவே கிடப்பதும் நல்லதில்லை, அதனால்தான் முழு இருட்டு வேண்டாம் என்கிறேன்.

மாலையில் தேனீக்களும் கூட்டுக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். ஆனாலும் பூவில் அடிக்க வேண்டாம். செடி வாடியிருந்தால் காலையிலேயே தண்ணீர் விட்டுத் தெளியவையுங்கள், தாகத்தில் இருக்கும் செடி எண்ணெயைத் தாங்காது. நாளைக்கே பறிக்கப்போகும் இலைக்காய்கறி என்றால் விட்டுவிடுங்கள், கழுவினாலும் வாயில் அந்த வாசனை வரும். மீன் இருக்கும் குளம், தொட்டி ஓரமாக இருந்தால் தெளிப்பு அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. அடிப்பது

நாசிலை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து இலையின் கீழ்ப்பக்கத்துக்கு முதலில் அடியுங்கள். பூச்சி குடியிருப்பது அங்கே. மேல்பக்கம் பளபளவென்று நனைந்திருப்பதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம்.

நுண்ணிய துளியாக, இலை முழுக்க நனைந்து விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கும் நேரத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் கரைசல் இலை நுனியில் தேங்கி அந்த இடம் மட்டும் கருகும். சுருண்ட இலைக்குள் துளி போகாது, மோசமாகச் சுருண்டவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு அடியுங்கள். ஐந்து செடிக்கு ஒரு தரம் தெளிப்பானைக் குலுக்குங்கள், எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் நேரம் ஆக ஆகப் பிரியும்.

9. எண்ணுங்கள், பிறகு மறுபடி அடியுங்கள்

அடிப்பதற்கு முன்பு பத்து இலையில் உயிரோடு இருப்பவற்றை எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும். அடித்த மறுநாள் அதே செடிகளில் எண்ணுங்கள். அடித்த கொஞ்ச நேரத்தில் எண்ணினால் மயங்கிக் கிடப்பதையும் செத்ததாகச் சேர்த்துவிடுவோம், சிலது எழுந்து நடக்கும். அசுவினி உரித்துப்போட்ட வெள்ளைத் தோல் வேறு இலையில் ஒட்டியிருக்கும், அதைப் பூச்சி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், விரல் நுனியால் தட்டினால் பறந்துவிடும்.

பாதி உயிரோடு இருந்தால் உடனே அளவைக் கூட்டத் தோன்றும். முதலில் பிழைத்தவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இலையடியிலும் நரம்பு ஓரத்திலும் மட்டும் என்றால் துளி படவில்லை, அடித்த முறைதான் தப்பு. நன்றாக நனைந்த இடத்திலேயே பிழைத்திருந்தால்தான் லிட்டருக்கு 2 மில்லி கூட்டுங்கள், அதையும் ஒரு கிளையில் சோதித்துவிட்டு.

ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை அடியுங்கள். முட்டைகள் பல தப்பிவிடும், எண்ணெயும் நிற்காது, அதனால் பின்னால் பொரிப்பவற்றை அவை மறுபடி முட்டை வைக்கும் முன் பிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் சிலந்திப்பேன் சுமார் ஒரு வாரத்திலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடும், அதற்கு நாலைந்து நாள் இடைவெளி வையுங்கள். ஒரே தடவை அடித்துவிட்டு இது வேலைக்கு ஆகாது என்று விட்டவர்கள்தான் நிறைய.

10. சேர்க்கக் கூடாதவை

கந்தகம் அடித்த செடிக்கு இரண்டு வாரமாவது எண்ணெய் வேண்டாம், எண்ணெய் அடித்த பிறகு கந்தகமும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். பவேரியா, ட்ரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சைகளை ஒரே டேங்கில் கலக்காதீர்கள், தைமாலும் யூஜெனாலும் பூஞ்சையையும் கொல்லும். இலைவழி உரத்தைச் சேர்த்தால் அதிலுள்ள உப்பு கலவையை உடைத்துவிடலாம்.

11. மிச்சமும் கழுவலும்

மிச்சக் கரைசலை வைத்து அடுத்த வாரம் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் எண்ணெய் பிரிந்திருக்கும். நனையாத செடி ஏதாவது இருந்தால் அடித்துத் தீர்த்துவிடுங்கள், சாக்கடையிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம்.

எண்ணெய் பாட்டில் நிறக்கண்ணாடியில், இறுக மூடி, குளிர்ந்த இருட்டில் இருக்கட்டும். காற்றும் வெளிச்சமும் பட்ட எண்ணெய் கெட்டுப்போகும், பழைய ஆரஞ்சு எண்ணெய் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். பாட்டிலில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

தெளிப்பானை அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் ஊற்றி, நாசில் வழியாகவும் அடித்துக் கழுவி, பிறகு இரண்டு தரம் நல்ல தண்ணீர் விடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் இந்த எண்ணெயில் ஊறி உப்பிவிடும், அடுத்த முறை பம்பு இறுகும் அல்லது கைப்பிடி பக்கம் ஒழுகும். மாற்று வாஷர் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.